பேர் சொல்லிக் கூப்பிடும் சீட்டு

அந்தச் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தது என் அக்கா, பெரியப்பா மகள். மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில், ஃபேக்டரி லைனில் நின்று வேலை செய்தாள். கம்பெனி விருந்தில் குலுக்கல் பரிசாக அவளுக்கு விழுந்தது. படம் படமாக மிருகங்கள் போட்ட சீட்டு. கூடவே நாலாக மடித்த ஒரு தாள், முழுக்க இங்கிலீஷில்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு ரெம்பியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியப்பா குடும்பமும் சித்தப்பா குடும்பமும் பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து, முன்னறையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். பதினோரு பேர்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஆறாம் படிவம் போகவேண்டும் என்பது என் ஆசை. அக்காவோடு ஃபேக்டரி பஸ்ஸில் ஏறட்டும் என்பது பெரியப்பாவின் எண்ணம். அப்பா லோரி ஓட்டுகிறவர். ரோட்டில் யாருக்கும் வழிவிடமாட்டார், அண்ணன் பேச்சை மட்டும் தாண்டமாட்டார். அன்று சாயங்காலம் கிளம்புவதற்குள் பெரியப்பா ஒரு முடிவு சொல்லிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தாள எம்மவகிட்ட குடு. அவ படிச்சுச் சொல்லுவா" என்றார் அப்பா.

நான் மலாய் மொழியில் படித்தவள். இங்கிலீஷில் ஏதோ தேறியிருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் தாளை விரித்து, தலையை ஆட்டி ஆட்டிப் படித்தேன். பாதி புரிந்தது. ஆளுக்கு ஒரு அடுக்கு சீட்டு, கவிழ்த்து வைக்கவேண்டும். முறை வரும்போது ஒன்றைத் திருப்பிப் போடவேண்டும். வேறு ஒருவர் முன்னால் அதே படம் கிடந்தால், அந்த இருவரில் யார் மற்றவரின் பேரை முதலில் சொல்கிறாரோ அவருக்கு வெற்றி. தோற்றவர் இரண்டு பேர் சீட்டையும் வாரிக்கொள்ளவேண்டும்.

"இவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா. "சின்னப் புள்ள விளையாட்டுலா."

இரண்டாவது சுற்றிலேயே அவருக்கும் அப்பாவுக்கும் குரங்கு விழுந்தது. "அண்ணே!" என்று கத்தினார் சித்தப்பா. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து "என்னடா?" என்றார்கள்.

"ரெண்டு அண்ணன்ல எந்த அண்ணன்?" என்றாள் அக்கா.

அடுத்து சித்திக்கும் பெரியப்பாவுக்கும் புலி. சித்தி "மாமா!" என்றாள். அவளுக்கு அப்பாவும் மாமாதான். அப்பா தன் சீட்டைப் பார்த்தார், அதில் முதலை இருந்தது. "என்னிய ஏம்மா கூப்புடுற?" என்று கேட்டார். பெரியப்பா சித்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தம்பி பெண்டாட்டியின் பேர் அவருக்கு நினைவில் இல்லை. இருபது வருஷமாக "சின்னவளே" என்று கூப்பிட்டே பழகிவிட்டார். யார் சீட்டை யார் எடுப்பது என்று தெரியாமல் நாலு கை நடுவில் போய் முட்டிக்கொண்டன.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன். முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. தப்பாகப் படித்துவிட்டேனா, இல்லை இந்த விளையாட்டே வேறு மாதிரிக் குடும்பத்துக்குச் செய்ததா? தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

"நல்லா படிச்சியாம்மா?" என்றார் பெரியப்பா. குரலில் கிண்டல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா ஒரு சீட்டைத் திருப்பினாள். யானை. அப்பா முன்னாலும் யானை.

அம்மா அப்பாவின் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட அடையாள அட்டையை நீட்டுவாள். அப்பா வாயைத் திறந்து "இந்தா..." என்று நிறுத்தினார். அம்மாவை அவர் கூப்பிடும் பேர் அது ஒன்றுதான்.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, என் பேரைச் சொல்லி, அதோடு "அப்பா!" என்று சேர்த்துக் கத்தினாள்.

"செல்லாது, செல்லாது! அது புள்ள பேரு" என்றார் சித்தப்பா.

"ஏன் செல்லாது? அப்புடித்தானே நாங்கல்லாம் புருஷன கூப்புடுறோம்" என்றாள் பெரியம்மா.

"சத்தம் போடாதீங்க" என்றார் பெரியப்பா. என் பக்கம் திரும்பினார். "தாள்ல என்ன போட்டுருக்கு? அதச் சொல்லு."

"பிள்ள பேரச் சொன்னாலும் செல்லும்னு போட்டுருக்கு பெரியப்பா."

"எங்க? வெரல வச்சுக் காட்டு."

கடைசி வரியில் விரலை வைத்தேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள் என்ற வரி அது. பெரியப்பா குனிந்து, என் விரலையும் எழுத்தையும் வெகுநேரம் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

"போட்டுருக்குடா" என்றார் சித்தப்பாவிடம். அப்பா இரண்டு அடுக்கையும் வாரிக்கொண்டார். தோற்ற முகமாகவே இல்லை.

அதன்பிறகு எல்லோரும் பிள்ளைகள் பேரைச் சொல்லியே கத்தினோம். பிள்ளைகளே ஆடுகிறவர்களாகவும் இருந்ததால் குழப்பம் இரண்டு மடங்கானது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

செருப்பு மாட்டும்போது பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும்டா. எல்லாரும் லைன்ல போய் நின்னா தாள யாரு படிக்கிறது?"

நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். படித்ததற்காகக் கிடைத்ததா, படிக்காததைப் படித்த மாதிரி சொன்னதற்காகக் கிடைத்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "நெசமாவே அப்புடியா போட்டுருந்துச்சு?"

"ஆமாம்மா."

அம்மா ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தாள்.

"நாம இப்புடித்தான் கூப்புடுவோம்னு வெள்ளக்காரனுக்கு யாரு சொன்னா?"