குவாஜி குடித்த ஒயின்

ஜோண்டோ கெர்கயா மரமேறி. எங்கள் ஊரில் ஓஜலேஷி திராட்சை பந்தலில் படராது. மர உச்சிவரை ஏறும். மரம் இலை உதிர்த்த பிறகுதான் பழுக்கும். கறுத்த பழம், கறுத்த ஒயின். கொடியை வெட்டிப்போட்டுச் சோளம் விதைத்தவர்களே இங்கே அதிகம். ஜோண்டோ வெட்டவில்லை. பிடிவாதக்காரர், வாய்த்துடுக்கு வேறு. எனக்குப் பக்கத்து வீடு.

ஒயினை ஜாடிகளில் ஊற்றி மண்ணுக்குள் புதைத்து வைப்பார்; அதில் ஒரு ஜாடி மட்டும் சாமிக்கென்று தனி. வெளியாள் குடிக்கக்கூடாது. குடித்தவன் அந்த வீட்டு ஆளாகிவிடுவான். அதன்பின் அந்த வீட்டில் யாரையாவது கொன்றால் அவன் வம்சமே அற்றுப்போகும். எங்களில் கொலைகாரன்கூட இதை நம்புவான்.

உள்நாட்டுச் சண்டை நடந்த வருடம், துப்பாக்கி தூக்க மறுத்தவர்களைத் தேடிக் குவாஜியின் கும்பல் வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன்தான். என் தம்பி பெசோவை எங்கள் வாசலிலேயே சுட்டான். பிறகு ஜோண்டோவின் மகன் தெங்கிஸைப் பரணிலிருந்து இழுத்துவந்து முற்றத்தில் மண்டியிட வைத்தான். குறுக்கே விழுந்த ஜோண்டோவின் வலது கையைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து நொறுக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"யோவ் பெருசு, இவனை அனுப்பி வைக்கிறதுக்கு முன்னாடி உன் ஓஜலேஷிய ஊத்துய்யா. ஊரே பீத்திக்குதே!" என்றான் குவாஜி.

"ஊத்துறேன் தம்பி. நல்லதாவே ஊத்துறேன்."

ஜோண்டோ இடது கையால் மண்ணை விலக்கி, மூடியைத் திறந்து முகந்து வந்தார். குவாஜி ஒரே மடக்கில் குடித்தான்.

"குடிச்சிட்டியா? அது சாமி ஜாடி. இப்ப இவன் உன் தம்பி. சுடுடா பாப்போம்!"

குவாஜிக்கு முகம் வெளுத்தது. விரலைத் தொண்டைக்குள் விட்டுக் கக்கப் பார்த்தான்; வரவில்லை. ஜோண்டோவை மிதித்து விலா எலும்பை உடைத்தான். பன்றியைச் சுட்டான், நாயைச் சுட்டான். தெங்கிஸைச் சுடாமல் போய்விட்டான். ஒரு பிள்ளையாவது பிழைத்ததே என்று ஜோண்டோவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சண்டை ஓய்ந்தது. வீட்டாட்கள் கூடிச் சாமி ஜாடியைத் திறக்கும் வருடப்பிறப்பு வேண்டுதலன்று, படையலுக்குச் சேவலோடு வந்து குவாஜி அவர் கதவைத் தட்டினான். வீட்டு ஆளுக்குக் கதவைச் சாத்த முடியாது.

"அண்ணே, பெசோவக் கொன்னவனுக்கா ஊத்தப்போறே?" என்று வேலியில் நின்று கத்தினேன்.

"நான்தானே தாயி அவன வீட்டாளாக்கினேன்? நீ உள்ள போயிரு." அவர் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து வருடம் தவறாமல் வருகிறான். அவன் தெங்கிஸைத் 'தம்பி' என்று கூப்பிடும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.