ஹவில்தார் தருமன் கண்டுபிடித்த பன்னிரண்டாவது தப்பு

வேங்கிக்காலில் இருக்கும் தன் சொந்த வீட்டில் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஹவில்தார் தருமனுக்குத் தெரியாது. இருபத்து நான்கு வருடம் ராணுவத்தில் இருந்தவர். மேஸ்திரியோடு மல்லுக்கட்டி வீட்டைக் கட்டி முடித்தவள் அவர் மனைவி வள்ளி. கிரகப்பிரவேசத்துக்குத் தருமன் அஸ்ஸாமிலிருந்து போனில் வாழ்த்துச் சொன்னார்.

ஓய்வுபெற்று வந்த இந்த எட்டு மாதத்தில் குடும்பத்துக்கு அவர் செய்த சேவையைச் சொல்லி மாளாது. காலை ஐந்து மணிக்கு விசில். ஐந்தேகாலுக்குப் போர்வை மடிப்புச் சோதனை. ஒரு நாள் சமையலறை டப்பாக்களை உயரப்படி அணிவகுத்து நிறுத்திவிட்டார். கடுகு இருந்த இடத்துக்கு ரவை வந்துவிட, கைப்பழக்கத்தில் வள்ளி ரவையைத் தாளித்தாள்.

அதையும் பொறுத்துக்கொண்டவள், கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வரக் கேட்டபோதுதான் வினை வந்தது.

"லீவு லெட்டர் எழுதிக் குடு" என்றார் தருமன்.

வள்ளி மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாள். காரணம்: நீங்க. அவ்வளவுதான்.

"திரும்பி வர்ற தேதி போடலையே?"

"வந்தாத்தானே போடறதுக்கு" என்றாள் வள்ளி. குரலைக்கூட உயர்த்தவில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் தருமன் சமாளித்திருப்பார். இந்த அமைதி அவரைப் பயமுறுத்தியது. அதை வெளியில் காட்டிக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியவில்லை.

மகள் ஓவியாவுக்குச் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த விடுதி மொட்டைமாடியில் பழைய படம் போட்டு, முடிந்ததும் பேசுவார்கள். அந்த வாரம் வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம். சண்டை முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பும் கதை.

"பாத்துட்டு நாலு வார்த்த பேசுங்கப்பா. நெஜ மிலிட்டரிக்காரர் வர்றார்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் ஓவியா. அம்மாவையும் கெஞ்சி இழுத்து வந்தாள்.

தருமன் இதைத் தணிக்கை வேலை என்றே எடுத்துக்கொண்டார். புது நோட்டு, இரண்டு பேனா. பூட்ஸ் கயிறு கட்டியது தப்பு. சல்யூட்டில் முழங்கை உயரம் கம்மி. அரை மணி நேரத்தில் பதினோரு தப்பு தேறியது. நடுவில் படத்தில் பியூகிள் ஒலிக்க, இவர் விறைப்பாக எழுந்து நின்றார். பின்னால் இருந்த வெள்ளைக்காரர் இது இந்த ஊர் மரியாதை போல என்று தானும் எழுந்தார். அவரைப் பார்த்து மொட்டைமாடியே எழுந்து நின்றது. ஓவியா முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த காட்சியில், வீடு திரும்பிய சிப்பாய் தன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நகம் பார்த்தான். வள்ளி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதே சிப்பாய் பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். தம்ளர் எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தான். கேட்க வெட்கம். குடிக்காமலே திரும்பி வந்து தன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தான். வள்ளியின் சிரிப்பு நின்றது. தருமனின் பேனாவும் நின்றது.

படம் முடிந்து அவரைப் பேச அழைத்தார்கள். பதினோரு தப்பையும் வரிசையாக வாசித்தார். ஓவியா ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு நோட்டை மூடினார்.

"பன்னெண்டாவதா ஒண்ணு இருக்குது. புது யூனிட்டுக்குப் போனா மொதல்ல அங்க இருக்கிற கமாண்டர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும். இந்த ஆளு பண்ணல. நேரா உள்ள போயி தானே கமாண்டர்னு நெனச்சிக்கிட்டான். அங்க ஏற்கெனவே ஒருத்தங்க இருபது வருஷமா இருக்காங்கனு அவனுக்குத் தோணவே இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். வள்ளி மட்டும் தட்டவில்லை. எதிரே இருட்டில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு விசில் சத்தம் இல்லை. மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ என்று வள்ளி பதறி எழுந்து வந்தாள். கதவோரம் அவள் பை அப்படியே இருந்தது. சமையலறை வாசலில், வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் தருமன் நின்றிருந்தார்.

"ஹவில்தார் தருமன், ரிப்போர்ட் பண்றேன்."

வள்ளி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எட்டு மாசம் லேட்டு."

"ஆமாங்க" என்றார். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் 'ங்க'.

வள்ளிக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள்.

"மொதல்ல அந்தப் பைய எடுத்துப் பரண்மேல போடுங்க. அப்பறம் வாங்க, மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குனு காட்றேன்."