என் புள்ளைக்குப் பால் வந்த வழி

ஆண்டவருக்குப் பிரியமானவங்களே, நான் உயிரோட நின்னு பேசுறதே அவர் போட்ட பிச்சை. என் பேரு ரோசலின், ஊரு மேல்பட்டாம்பாக்கம்.

2009, ஐப்பசி அடைமழை. கடலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி பெண் குழந்தை பொறந்துச்சு. நாலாம் நாள் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுது. தையல் போட்ட இடத்துல சீழ். அந்த நாத்தம் எனக்கே தாங்கல. சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க.

டாக்டரம்மா பார்த்துட்டு, "இது வீட்டுல வந்ததில்லம்மா. ஆஸ்பத்திரியிலயே தொத்தியிருக்கு. சாதாரண மருந்துக்குக் கேக்காது"ன்னாங்க. தையலைப் பிரிச்சுட்டாங்க. சீழை டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. புள்ளைக்கும் தொத்திடக் கூடாதுன்னு வெளிய வெச்சுக்கச் சொன்னாங்க.

வராந்தாவுல என் வீட்டுக்காரர் அதை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பவுடர் பால் குடுத்தா கக்குது. அது கத்துறது எனக்குக் கேக்குது. என்னால எழுந்திருக்க முடியல.

"ஆண்டவரே, என்னைக் கூப்பிட்டுக்கிட்டாலும் சரி. அந்தப் பச்சப்புள்ள வயிறு நெறையணும்." வேற ஜெபம் வாயில வரல.

மறுநாள் காலையில அழுகை சத்தம் நின்னுபோச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. தலையைத் திருப்பிப் பார்த்தா, வார்டு கதவுகிட்ட என் நாத்தனார் ஸ்டெல்லா. பண்ருட்டியில கட்டிக்குடுத்தவ. நான் கோவத்துல சொன்ன ஒரு வார்த்தையால ரெண்டு வருஷமா எங்க வாசப்படி மிதிக்காதவ. அவளும் கைக்குழந்தைக்காரி. அண்ணன் போன்ல அழுததைக் கேட்டு, முதல் பஸ்ஸுல வந்திருக்கா.

"அண்ணி, புள்ள குடிச்சுட்டுத் தூங்குது."

"ஸ்டெல்லா, என்னை மன்னிச்சுடு."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பொழச்சு வாங்க."

அன்னிக்குத்தான் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. மருந்தை மாத்துனாங்க. மூணாம் நாள் ஜுரம் விட்டுது. புண்ணு ஆற இன்னும் மூணு வாரம். அதுவரைக்கும் ரெண்டு புள்ளைக்கும் அவதான் பால் குடுத்தா.

நான் என் உயிரைக் கேக்கவே இல்ல. அவரா குடுத்தார்.

இப்ப என் மகளுக்கு மூணு வயசு. வாரம் ஒருநாள் பிரசவ வார்டுக்குப் போறேன். பார்க்க வர்றவங்ககிட்ட, "சோப்பு போட்டுக் கை கழுவிட்டுப் புள்ளையத் தொடுங்க"ன்னு சொல்றேன். சில பேரு மொறைக்கிறாங்க. மொறைக்கட்டும்.

நம்ம வீட்டு ஆளு ஆஸ்பத்திரியில கெடக்குறாங்கன்னு கலங்கியிருக்கிறவங்க, டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஆண்டவர்கிட்ட மனசுல உள்ளதை அப்படியே சொல்லுங்க. யாரை அனுப்பணும்னு அவருக்குத் தெரியும். நீங்க யார்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்லையோ, அவுங்களாக்கூட இருக்கலாம். வந்தா, ரெண்டு கையும் நீட்டி ஏத்துக்குங்க.