மாசிலாமணி அண்ணன் கடை

இன்று காலை மழையில் நனைந்த காகித வாசனை மூக்கில் ஏறியதும், திருத்தணி மலைப்படிக்குக் கீழே இருந்த மாசிலாமணி அண்ணனின் பழைய புத்தகக் கடைக்குள் போய்விட்டேன். மூன்றாவதோடு பள்ளியை விட்ட என்னை, அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்திறங்கிய புத்தக மூட்டைமேல் உட்காரவைத்து, "படி நைனா, கிழிக்காத" என்பார். வாடகை பாக்கிக்காகக் கட்டட முதலாளி ஒரு மழைநாளில் அத்தனை புத்தகங்களையும் தெருவில் கொட்டினார். அன்று படுத்த அண்ணன் எழவேயில்லை.

போன மாதம் அந்தக் கட்டடத்தையே வாங்கினேன். என்னைப்போல் உழைத்து முன்னேறியவன் இந்த ஊரில் எவனுமில்லை. நேற்று, முகப்பில் சிமெண்டில் இருந்த பழைய முதலாளியின் பெயரைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். அவர் மகன் ஓடிவந்தான்.

"அப்பா பேர மட்டும் வுட்டுடுங்கண்ணா. ஊரே பாத்துகினு கீது."

"பாக்கட்டும். அன்னிக்கும் பாத்துகினுதான் இருந்தாங்க."

விழுந்த எழுத்துகளைப் பொறுக்கக் குனிந்தவனைத் தடுத்தேன். இன்று மழையில் அவை தெருவில் நனைவதை, குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு வந்தேன்.