நான் வெட்டிய நூடில்ஸ்

நான் யாழ்ப்பாணம்; மனைவி லிசா பிலிப்பைன்ஸ். மகளின் ஐந்தாவது பிறந்தநாளை லிசாவின் ஊர் முறைப்படி, மொன்றியலில் எங்கள் வீட்டிலேயே வைத்தோம். பிள்ளைகள் எட்டிப் பறிக்க மூங்கில் தட்டியில் பரிசுகளைக் கட்டித் தொங்கவிட்டது நான்தான். லிசா சமைத்த பன்சித் நூடில்ஸை, பிள்ளைகளுக்குச் சாப்பிட லேசாக இருக்கட்டுமென்று கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டியதும் நான்தான்.

சட்டியின் மூடியைத் திறந்த லிசாவின் அக்கா அலறினார். “ஐயோ! இது நீளமாக இருந்தால்தான் ஆயுசு நீளும். பிள்ளையின் ஆயுசையே வெட்டிவிட்டாயே!”

லிசாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். சட்டியைக் கிளறு கிளறென்று கிளறினேன். அடியில் ஒரேயொரு முழு நூடில் ஒட்டிக்கிடந்தது. அதன் நுனியை மகளின் வாயில் வைத்தேன்.

“கடிக்காதை பிள்ளை, உறிஞ்சு!” என்று நான் கத்த, லிசா ஆங்கிலத்தில் கத்த, வந்திருந்த பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தினார்கள். மகள் கண்ணை உருட்டிக்கொண்டு உறிஞ்சினாள். முழுதும் உள்ளே போனது. வீடே கைதட்டியது.

ராகுகாலம் பார்க்கும் அம்மாவைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். அன்று அந்த நுனி மறையும்வரை மூச்சுவிடாமல் கும்பிட்டபடி நின்றேன். இப்போது அம்மா தொலைபேசியில் ராகுகாலம் என்றால், “ஓம் அம்மா, அது முடியப் பேந்து வெளிக்கிடுறன்” என்கிறேன்.