ஐந்தாவது துணி

மூன்றாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறார் ஸ்டோர்காரர். இன்னும் ஒரு முறை பாக்கி. ராணுவப் பயிற்சி முகாமின் தகரப்பெட்டியில் நான்கு மதங்களின் வேதநூல்கள் இருக்கின்றன. ஒன்றைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொடுவதில்லை என்பது அவர் தமக்குத்தாமே பிறப்பித்துக்கொண்ட ராணுவ ஆணை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் மாட்டார். "யாரை மேல வைக்க, யாரைக் கீழ வைக்க? நமக்கெதுக்குங்க வம்பு." அதனால் பெட்டி நீளமாகிவிட்டது, அலமாரியில் நுழையாமல் அவருடைய கட்டிலுக்கடியில் கிடக்கிறது. முகாமில் அவர் பெயர் 'நாலு வேதம்'. நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படுவதில்லை. கூப்பிட்டவனுக்கு ஓட்டைப் போர்வையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

பூட்ஸ், போர்வை, தண்ணீர்ப் புட்டி, தெய்வம் எல்லாம் அவர் பொறுப்பு. புதிதாகச் சேர்பவர்கள் ஒவ்வொருவராக மேஜைக்கு வந்து, தங்கள் நூலின்மேல் வலது கையை வைத்து, உயிர் போனாலும் கடமை தவறமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். வியர்வைக் கை படக்கூடாதென்று நான்கு நூல்களுக்கும் துணியுறை தைத்திருக்கிறார். தையலைப் பிரிப்பதில்லை. இருபத்தேழு ஆண்டுகளில் எத்தனை கை! பயந்த கை எது, பசித்த கை எது என்று துணியில் பதிகிற ஈரத்தைப் பார்த்தே சொல்வார்.

இந்தத் தடவை வந்தவர்களில் ஒரு நர்ஸ். வயது முப்பத்து நான்கு. பெரிய ஆஸ்பத்திரி வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தவள். சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். தவறி எழுதியிருப்பாள், திருத்தட்டும் என்று ஸ்டோர்காரர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சத்தியம் செய்யாவிட்டால் அவளுடைய இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். விட்ட வேலையும் திரும்ப வராது.

"ஏம்மா, ஏதாவது ஒண்ணைத் தொட்டுட்டுப் போயேன். கை என்ன தேஞ்சா போயிடும்?"

"எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. அது மேல கையை வெச்சு உண்மையா இருப்பேன்னு சொன்னா, நான் சொல்ற மொதப் பொய்யே அதுதானே?"

தினமும் விடியுமுன் குளித்து, அரைமணி நேரம் கண்மூடி உட்காருகிற மனிதரிடம் ஒருத்தி இப்படிச் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். அவரோ போய் விதிப்புத்தகத்தைத் தேடியெடுத்தார். மதச் சத்தியத்துக்குப் பதிலாக வெறும் உறுதிமொழி போதும். முகாம் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான படிவங்கள்கூட ஸ்டோரில் இருந்தன. கட்டுப் பிரிக்காத கட்டு. முதல் படிவத்தைக் கரப்பான் மட்டும் படித்திருந்தது.

முகாம் அதிகாரியான மேஜர் படிவத்தைத் தொடவில்லை. "விதி இருக்கட்டுங்க. சாமிக்கே பயப்படாதவ, குண்டு சத்தம் கேட்டா நிப்பாளா? சத்தியத்தைப் பிடிச்சு வெக்க ஏதாவது வேணும்ல?"

ஸ்டோர்காரருக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். பேசாமல் சல்யூட் அடித்துவிட்டு வந்திருக்கலாம். வாசல்வரை வரவும் செய்தார். பிறகு திரும்பிப் போய், பதினோரு வருடமாக வயிற்றில் வைத்திருந்ததைக் கொட்டினார்.

விஷயம் இதுதான். ஒரு வேதநூலும், லாரி பழுதுபார்க்கும் கையேடு ஒன்றும் ஒரே நாளில் பைண்டிங்குக்குப் போயிருந்தன. ஒரே அளவு, ஒரே பருமன். செய்தித்தாள் சுற்றி வந்தன. தாளைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று இவர் அதன்மேலேயே துணியைத் தைத்துவிட்டார். ஐந்து வருடம் கழித்து ஒருநாள் தையல் விட்டு, உள்ளே கியர்பாக்ஸின் படம் தெரிந்தது. எந்த மதத்தின் நூல் என்று அவர் மேஜரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மற்ற மூன்று மதத்தாரும் சிரிப்பார்களாம். ஓடிப்போய்ப் பார்த்தால், வேதநூல் ஒர்க்‌ஷாப் அலமாரியில் பிரிக்காத செய்தித்தாளோடு பத்திரமாக இருந்தது. ஐந்து வருடமாக அங்கேயும் யாரும் திறக்கவில்லை.

மேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டோர்காரர் சிரிக்கவில்லை.

"அந்த அஞ்சு வருஷத்துல அதுமேல சத்தியம் பண்ணினவங்கள்ல சண்டையில செத்த ஏழு பேரோட பேரு நம்ம வாசல் நினைவுக்கல்லுல வெட்டியிருக்குய்யா. ஒருத்தர்கூடப் பின்வாங்கல. அவங்களைப் பிடிச்சு வெச்சது எதுங்கய்யா?"

மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து அந்தக் கல் தெரியும். பிறகு பேனாவைத் திறந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நூல் மாறிய கதையை ஸ்டோர்காரரையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதியதை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். வேதப் பெட்டியை இனி யாரிடம் ஒப்படைப்பது என்று வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, நீண்ட மேஜையில் நான்கு நூல்கள், கைபடும் தூரம் விட்டு. அவற்றுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு வெள்ளைத் துணி, இஸ்திரி போட்டது. அதன்மேல் ஒன்றும் இல்லை. வரிசை நகர்ந்தது. நர்ஸின் முறைக்கு முன் ஸ்டோர்காரர் மேஜையைவிட்டு விலகிக் குழாயடிக்குப் போனார். எல்லோரும் காத்திருக்க, ஐந்தாவது முறையாகக் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அந்த வெறுந்துணியில் விழுந்திருந்த சின்னச் சுருக்கத்தை நீவிவிட்டார்.