பெரம்பலூர் வரை போன வெள்ளிக்கிழமைப் பாடம்

2007 பிப்ரவரி. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. மீனா பஜாரில் மனைவிக்குப் புடவை பார்க்கலாம் என்றிருந்த என்னை, தங்கை வசந்தி பர் துபாய் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் இங்கே நர்ஸ்; நான் திருச்சியிலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தேன். லீவு நாளில் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் முதலுதவி சொல்லிக் கொடுக்கிறாள். தலைக்கு ஒரு திர்ஹம் கொடுத்து அக்கரை போய் பஸ் பிடித்தோம்.

"இன்னிக்காவது அவங்கள தூங்க விடேன்டி" என்றேன்.

"அவங்கதாண்ணே கூப்பிட்டாங்க. சைட்ல ஒருத்தருக்கு வலிப்பு வந்திருக்கு. சுத்தி நின்ன அத்தனை பேரும் அவர் கையில குடுக்க இரும்பு தேடியிருக்காங்க."

நானாக இருந்தாலும் அதைத்தான் தேடியிருப்பேன்.

ஒன்பதரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. படிக்க வருகிறவர்களின் சமையல் வேலையை அன்றைக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் மீன் குழம்பு வாசனையில்தான் பாடமே நடக்கிறது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் ஊற்றக்கூடாது, கையில் இரும்பும் வேண்டாம் என்று வசந்தி செய்து காட்டினாள். கம்பி கட்டும் வேலை பார்க்கும் கலியபெருமாள் மட்டும் விடவில்லை. ஐம்பது வயதிருக்கும்.

"இன்னொரு தடவ காட்டுங்க சிஸ்டர்."

"கலியண்ணே, கலாஸ், போதும்! பசிக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"எம் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு சிஸ்டர்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "வாயில தண்ணி ஊத்துன்னு பொண்டாட்டிகிட்ட நான்தான் சொல்லிட்டு வந்தேன். போன தடவ பொரையேறி, புள்ள ஆஸ்பத்திரில கெடந்துச்சு."

பசி என்று கத்தியவரே முன்னால் வந்து உட்கார்ந்தார். கலியபெருமாள் அங்கேயே பெரம்பலூருக்குப் போன் போட்டு, கற்றதைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இரும்பு குடுக்காம எப்படிங்க நிக்கும்?" என்றாள் மனைவி.

"தன்னால நிக்கும் செல்வி. அஞ்சு நிமிசம் தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. இப்பப் பாப்பாவப் படுக்கவச்சுப் பழகு. ஒருக்களிச்சு. தலைக்கடியில துணிய மடிச்சு வை."

முழங்காலை மடக்கச் சொல்ல மறந்தார். வசந்தி குனிந்து போனுக்குள் சொன்னாள். அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. ஒரு பெண் குழந்தை கூச்சம் தாங்காமல் சிரித்தது. பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது:

"அப்பா, இனிமே பயப்படாத. அம்மா கத்துக்கிச்சு."

கலியபெருமாள் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. புடவைக்கடை அத்தோடு மறந்தே போயிற்று.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். திருச்சியில் எங்கள் தெருக்காரர்களிடம் ஐம்பது வயதில் ஏதாவது படிக்கச் சொன்னால், கண் தெரியவில்லை என்பார்கள். கலியபெருமாள் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். பஸ் ஏறும்போது கேட்டார்:

"அடுத்த வாரம் தீக்காயப் பாடம்தானே சிஸ்டர்? செல்வியையும் லைன்ல வச்சுக்கலாமா?"